மாமாவின் இடத்தில் நீ

ராசா ஊரிலிருந்து,
திங்கட்கிழமை.

அன்புள்ள தம்பி புனிதனுக்கு,

அக்கா பிரேமலா எழுதுவது. இங்கே எல்லாரும் சுகம். ஜொகூரில் நீயும் சுகமாக இருக்க முருகனை வேண்டிக்கொள்கிறேன். போனில் பேசினால் அழுதுவிடுவேன், இல்லாவிட்டால் கத்திவிடுவேன். எது நியாயம் என்று எனக்கே தெரியவில்லை. அதனால்தான் கடிதம்.

போன வாரம் என் வீட்டுக்காரர், உன் மாமா, காரில் வந்து இறங்கினார். பின்னிருக்கை நிறையத் துணியும் விளையாட்டுச் சப்பாத்தும். தான் பயிற்சி கொடுத்த ஜொகூர் கிளப்போடு பேசி, மனமொத்துப் பிரிந்துவிட்டதாகச் சொன்னார். "நீங்க விட்டீங்களா, அவங்க விட்டாங்களா?" என்று கேட்டேன். "ரெண்டும்தான் லா" என்றார். போன வருடம் கூடைப்பந்தில் அரையிறுதி வரை கொண்டுபோன பயிற்றுநரை ஏன் அனுப்பினார்கள்? இந்த வருடம் தொடர்ந்து தோற்றதாலா? கேட்டால் பேச்சை மாற்றுகிறார்.

மறுநாள் பத்திரிகையில் உன் படம். மாமாவுக்குத் துணைப் பயிற்றுநராக இருந்த நீ இனித் தலைமைப் பயிற்றுநர் என்று போட்டிருந்தார்கள். சந்தோஷமாகத்தான் இருந்தது தம்பி. பிறகு, சந்தோஷப்பட்டதற்கு வெட்கமாக இருந்தது. கலும்பாங்கிலிருந்து லட்டோடு வந்த அம்மா, வாசலில் மாமாவின் காரைப் பார்த்ததும் பையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டார். மாமாவோ, "புனிதனுக்கு வேலை ஏறினதுக்குத்தானே? குடுங்க அத்தை" என்று கேட்டு வாங்கி இரண்டைத் தின்றார். அம்மா குசினிக்குள் போய் அடுப்பருகே நின்று அழுதார். நான் யார் பக்கம் நிற்பது?

சனிக்கிழமை உன் முதல் ஆட்டத்தை டிவியில் பார்த்தோம். பாதி ஆட்டம் தாண்டியதும், "சுகுமாரன வெளிய எடுடா, மூச்சு வாங்குறான்" என்றார் மாமா, டிவியைப் பார்த்து. சொல்லி வாய் மூடவில்லை, நீ அவனை வெளியே எடுத்தாய். மாமா சிரித்தார். அது பெருமையா வலியா என்று, பதினாறு வருடம் கூட வாழ்ந்தும் எனக்குப் புரியவில்லை. ஆட்டம் முடியுமுன்பே எழுந்து கார் கழுவப் போய்விட்டார். மகள் ஷர்மினி ஜன்னல் வழியாக, "ஜெயிச்சிட்டாங்கப்பா!" என்று கத்தினாள். அவர் திரும்பவில்லை. கழுவின கதவையே மறுபடியும் கழுவிக்கொண்டிருந்தார்.

தம்பி, மாமாவை அனுப்பப்போகிறார்கள் என்று உனக்கு முன்பே தெரியுமா? போன மாதம் வந்தபோது மாமாவின் முகத்தைப் பார்க்காமலே பேசினாயே, அதனால் கேட்கிறேன். அவரிடமும் கேட்டுவிட்டேன். "அந்த வேலைய அவன் வேணாம்னு சொல்லியிருந்தா நாந்தான் திட்டியிருப்பேன்" என்கிறார். அப்படியென்றால் அவரிடம் கேட்டுத்தான் ஒப்புக்கொண்டாயா? கேட்கவே இல்லையா? உன்மேல் கோபப்படுவதா, உனக்காகச் சாமி கும்பிடுவதா என்று தெரியாமல் இரண்டையும் செய்கிறேன்.

ஒன்று மட்டும் தெரியும். போன் அடிக்கும்போதெல்லாம் மாமா ஓடிப்போய் உன் பெயரா என்று பார்க்கிறார். பார்த்துவிட்டு, பல நேரம் எடுக்காமலே வைத்துவிடுகிறார்.

நீ ஜெயிக்க வேண்டும், நன்றாக வர வேண்டும். ஆட்டமில்லாத ஒரு நாள் பார்த்து வீட்டுக்கு வா. அக்காவைப் பார்க்க வந்தேன் என்று மட்டும் சொல்லாதே. நேரே அவரிடம் போ. பேச ஒன்றும் வராவிட்டால் பசிக்கிறது என்று சொல். இருவருக்கும் சேர்த்தே சோறு போடுகிறேன்.

உன் நலம் விரும்பும்
அக்கா பிரேமலா