மீட்டர் என்னிடம்தான் இருக்கிறது

பிஸ்கட் டின்னின் மூடியைத் திறந்ததும் மண்ணெண்ணெய் மணம் முகத்தில் அடித்தது. உள்ளே ஒரு பழைய சாரன் துண்டில் சுற்றியபடி அந்தக் காரின் வேக மீட்டர். வட்ட முகம், சின்னத் தூரிகையால் நான் ஒவ்வொன்றாக எழுதிய இலக்கங்கள், பூச்சியத்தில் படுத்துக் கிடக்கும் முள். நேற்று உன் மருமகன் தொலைபேசியில் பேசினான். காரை வாங்கக் கொழும்பிலிருந்து ஆள் வருகிறதாம். மீட்டர் இல்லாவிட்டால் விலை விழுமாம். நீ போனதற்கு உன் மனைவி வீட்டோடு இருந்த இத்தா முடிந்துவிட்டதாம், அவளும் ஒரு விஷயமாக என்னைக் காண வர வேண்டுமாம். என்ன விஷயம் என்று எனக்குத் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் டின்னைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டு உன்னோடு கதைக்க உட்கார்ந்திருக்கிறேன்.

உன் ஜனாஸாவைப் பள்ளிவாசல் முற்றத்தில் வைத்திருந்தார்கள். தொழுகைக்கு முன்னால் உன் மருமகன் ஒலிவாங்கியைப் பிடித்தான். "மாமாக்கு ஆரோடயும் குடுக்கல் வாங்கல் இருந்தா என்னோட கதைங்க. ஆர்ட மனசும் நோகிற மாதிரி நடந்திருந்தா, அல்லாஹ்வுக்காக மன்னிச்சிக்கொள்ளுங்க" என்றான். எல்லா ஜனாஸாவிலும் கேட்பதுதான். வரிசை வரிசையாக "மன்னிச்சம், மன்னிச்சம்" என்று முணுமுணுத்தார்கள். உன்னை முன்பின் அறியாதவர்கள்கூட உன்னை மன்னித்தார்கள், அவர்களுக்கு என்ன செலவு? நான் வாயைத் திறக்கவில்லை. தொழுதேன், உன்னைச் சுமந்த சந்தூக்குக்குத் தோள் கொடுத்தேன், மண்ணும் அள்ளிப் போட்டேன். மன்னிக்க மட்டும் இல்லை.

அல்லாஹ்வுக்குச் செய்த குற்றத்தை அல்லாஹ் மன்னிப்பான், மனிதனுக்குச் செய்ததை அந்த மனிதன்தான் மன்னிக்க வேண்டும் என்று ஜும்ஆவில் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். ஆகவே உன் மறுமை விசாரணையில் ஒரு துண்டு என் வாய்க்குள் கிடக்கிறது. அதை அடக்கி வைத்துக்கொண்டுதான் தினமும் காலையில் தேநீர் குடிக்கிறேன். தேநீர் நன்றாகத்தான் இருக்கிறது.

அந்தப் பழைய மைனர் காரை நீதான் கண்டுபிடித்தாய். சம்மாந்துறையில் நீ நெல் கொடுக்கிற ஆலைக்குப் பின்னால், உமி மேட்டுக்குள் பாதி புதைந்து கிடந்தது. பெருநாள் வியாபாரம் மும்முரமாக நடக்கிற நேரத்தில் என் புடவைக்கடைக்குள் நுழைந்து, வாடிக்கையாளர்களுக்கு முன்னால் என் கையைப் பிடித்து இழுத்தாய். "வா மச்சான், ஒரு மையத்துப் பார்க்கப் போவம்" என்றாய். யார் இறந்தார்களோ என்று நான் பதறிப்போய் வந்தேன். அங்கே பார்த்தால் கார். உமியின் ஈரம் அதன் அடித்தகட்டைத் தின்றிருந்தது, இருக்கைக்குள் எலி குட்டி போட்டிருந்தது. ஆலைக்காரர் நம் இருவரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, "கொண்டு போங்க, எனக்கு இடமாவது மிஞ்சும்" என்றார். ட்ரக்டர் பெட்டியில் ஏற்றி, கயிறு போட்டுக் கட்டி, கல்முனை வரைக்கும் அதன் பக்கத்திலேயே நின்றுகொண்டு வந்தோம். சந்தியில் நின்றவர்கள் சிரித்தார்கள். நீ அவர்களுக்கு சலாம் சொன்னாய்.

வண்டியை இறக்கியது உன் மனைவியின் வளவில். நம் பக்கத்தில் ஆண்பிள்ளைக்கு வேறு வளவு ஏது? பிறந்த வீடு தங்கைக்குப் போகும், வாழ்கிற வீடு மனைவியினது, நாளைக்கு அது மகளுக்கு. நாம் கட்டுகிற சுவர் எல்லாம் யாருக்கோ கட்டுகிற சுவர்தான். இதை நீதான் சொன்னாய், காரின் வயிற்றுக்குக் கீழே மல்லாந்து படுத்துக்கொண்டு: "மச்சான், இந்தக் கல்முனையில நம்மட எண்டு சொல்ல இந்தக் கார் ஒண்டுதான்." நம்மட என்றாய். உன்ட என்று சொல்லவில்லை, என்ட என்றும் சொல்லவில்லை. நான் அந்தச் சொல்லை நம்பினேன்.

எத்தனை வருடம் நம்பினேன்! துருவை வெட்டி எறிந்து புதுத் தகடு ஒட்டினோம். பட்டி பூசி, வோட்டர் பேப்பரால் தேய்த்து, மறுபடி பூசி, மறுபடி தேய்த்தோம். கறுப்பு அடிப்போம் என்று நான் நின்றேன். நீ கதவுக் கீலைக் கழற்றி, அதற்குள் ஒளிந்திருந்த பழைய சாம்பல் பச்சையைக் காட்டி, "இதுட தோல் இதுதான்" என்றாய். திரும்பும்போது கதவருகிலிருந்து கை நீட்டுகிற அந்தச் சின்னச் சிக்னலுக்காகப் கொழும்பு பஞ்சிகாவத்தையின் பழைய வாகனச் சாமான் கடைகளில் ஏறி இறங்கினோம். நோன்பு மாதத்தில் ஒருநாள் ரப்பர் குழாயை வாயில் வைத்துப் பெற்றோலை உறிஞ்சினாய். ஒரு மிடறு உள்ளே போய்விட்டது. கண் சிவந்து, இருமிக்கொண்டே நீ கேட்ட முதல் கேள்வி, நோன்பு முறிந்ததா இல்லையா என்பது. பள்ளி மௌலவியிடம் போனாய். அவர் நெடுநேரம் யோசித்துவிட்டு, "முதல்ல ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்றார். இன்றைக்கும் பெற்றோல் நிலையத்தைக் கடக்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. வந்த வேகத்திலேயே நின்றும் போகிறது.

வேலை முடிந்ததும் மகியங்கனை வழியாக மலைக்கு ஏற்றுவதென்று பேச்சு. பதினெட்டு வளைவையும் நிற்காமல் ஏற வேண்டும், போகும்போது நீ ஓட்டுவது, வரும்போது நான். கடைசியில் மிஞ்சியது மீட்டர் மட்டும். முகம் வெளிறி இலக்கங்கள் அழிந்திருந்தன. நான் அதைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டு வந்தேன். கடையில் கத்தரி பிடித்த கையால் இலக்கம் எழுதப் பழகினேன். "பெயின்ட் காயட்டும் மச்சான், கொஞ்ச நாளைக்கு வராத. தூசி படும்" என்றாய் நீ. நான் வரவில்லை.

உன் மகளின் கல்யாணத்துக்கு என் கடையிலிருந்த மிக நல்ல பட்டை எடுத்துக்கொண்டு வந்தேன். கடப்படி வாசலில் கார் நின்றது, முகப்பில் பூமாலை தொங்கியது. புதுப்பெண்ணை ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றப் போகிறாய் என்று நினைத்து மகிழ்ந்தேன். மாப்பிள்ளையின் வாப்பா உள்ளே குனிந்து, முன்பலகையின் நடுவிலிருந்த ஓட்டையைத் தட்டிப் பார்த்து, "சீதனக் கார் எண்டீங்க, மீட்டர் எங்க?" என்று கேட்டார். அப்போதுதான் எனக்கு விளங்கியது. வீடு கேட்டார்கள், கொடுத்தாய். வாகனமும் கேட்டார்கள், கொடுத்துவிட்டாய்.

அதுகூடப் பரவாயில்லை. உன் பதிலைத்தான் நான் மறக்கவில்லை. என் தோளில் கை போட்டு, "மீட்டர் இவர்ட கையில இரிக்கி. இவர் நம்மட கராஜ் பாஸ். நல்ல வேலக்காரன்" என்றாய். அவர் என் பட்டுப் பொதியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், "அப்ப கெதியா முடிச்சித் தாங்க பாஸ்" என்றார். பாஸ் என்பது இழிவான சொல் இல்லை. மேசன் பாஸ், தச்சுப் பாஸ் என்று நாமே மரியாதையாகக் கூப்பிடுவதுதான். ஆனால் பாஸ் கூலிக்கு வருகிறவர். வேலை முடிந்தால் சாப்பாடு கொடுத்து அனுப்பிவிடலாம். எனக்கும் சாப்பாடு கொடுத்தாய், தெரியாத ஆட்களோடு ஒரே சஹன் தட்டில். நீ மாப்பிள்ளை வீட்டாரோடு இருந்தாய்.

கேட்டிருந்தால் கொடுத்திருப்பேன் என்று நான் சொல்வேன் என எல்லாரும் எதிர்பார்க்கிறார்கள். என் மனைவியும்தான். இல்லை, கொடுத்திருக்க மாட்டேன். உன் மகள் கல்யாணம் நின்றுபோனாலும் கொடுத்திருக்க மாட்டேன். உனக்கு அது நன்றாகத் தெரியும், அதனால்தான் கேட்கவில்லை. என்னை அவ்வளவு சரியாக அறிந்த ஒருவன் இந்த ஊரில் நீ மட்டும்தான். அந்த அறிவைக் கொண்டு வந்து எனக்கெதிராகவே பாவித்தாய்.

பிறகு நடந்ததை நான் ரசித்தேன். மறைக்க மாட்டேன். வீடு மகளுக்குப் போக, நீயும் உன் மனைவியும் பின்னாலுள்ள குசினிப் பக்கத்து அறைக்கு ஒதுங்கினீர்கள். கார்க் கொட்டில் மருமகனின் கோழித் தீன் களஞ்சியம் ஆனது. காரைத் தள்ளித் தென்னைக்குக் கீழே விட்டான். தேங்காய் விழுந்து கூரை நெளிந்தது. தென்னைக்குக் கீழே கார் நிறுத்துகிறவனுக்கு நம் காரைக் கொடுத்தாய்! உப்புக் காற்று கதவோரங்களைத் தின்னத் தொடங்கியது. அசர் தொழுகைக்குப் பள்ளிக்குப் போகும்போது உன் கடப்படியைக் கடந்துதானே போக வேண்டும்? மருமகன் இல்லாத நேரம் பார்த்து, நீ சாரன் முனையால் பம்பரைத் துடைத்துக்கொண்டிருப்பாய். ஒருநாள் அவன் வந்துவிட்டான். "மாமா, வண்டியச் சும்மா நோண்டாதீங்க" என்று அவன் சொன்னது ஒழுங்கை வரைக்கும் கேட்டது. நீ சாரனை உதறிவிட்டு உள்ளே போனாய். அன்றைக்குத் தொழுகையில் என் மனம் நிறைந்திருந்தது. நல்ல மனிதன் அப்படி இருக்கமாட்டான். நான் இருந்தேன்.

கடைசியாக நீ கடைக்கு வந்த நாள். மெலிந்து போயிருந்தாய், சட்டைக் கழுத்துக்குள் இன்னொரு கழுத்து போகும்.

"மீட்டர் இரிக்கா மச்சான்?"

"இரிக்கி."

"தாவேன். ஓட்டையோட பார்க்க ஏலாம இரிக்கி."

"பாஸ்மாருக்குக் கூலி குடுக்காம சாமான் எடுக்கேலா ஹாஜியார்" என்றேன்.

உன்னை நான் ஹாஜியார் என்று கூப்பிட்டது அதுதான் முதல் தடவை. நீ மேசையில் கிடந்த துணியை விரலுக்கு நடுவே வைத்துத் தேய்த்துப் பார்த்தாய், பெயின்ட் காய்ந்ததா என்று பார்ப்பது போல. பிறகு இறங்கிப் போனாய். நான் அடுத்த வாடிக்கையாளருக்குத் துணி விரித்தேன்.

இதுவரை கதைத்து நிறுத்தியிருந்தேன். உன் மனைவியும் மருமகனும் வந்து போய்விட்டார்கள்.

மருமகன் முன் அறையில் உட்கார்ந்து, கொழும்பு ஆளைப் பற்றியே கதைத்துக்கொண்டிருந்தான். உன் மனைவி என் மனைவியோடு கதவோரம் நின்று, வழக்கம்போல அண்ணன் முறையில் என்னைக் கூப்பிட்டாள். "காக்கா, நான் மீட்டருக்கு வரல்ல. அது இவங்கட வேல" என்றாள். "அவர மன்னிச்சி விடுங்க. அதுக்குத்தான் வந்த."

"ஒரு கார்தானே, மன்னிச்சி விடுங்களேன்" என்றாள் என் மனைவியும். அவளுக்கு எப்போதும் அது ஒரு கார்தான்.

உன் மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அவர் கேக்க வேணாமெண்டுதான் சொன்னார் காக்கா. ஆஸ்பத்திரியில கிடக்கக்குள்ள, போய்க் கூட்டிக்கொண்டு வரட்டா எண்டு கேட்டன். வேணாம் எண்டார். 'அவன் மன்னிச்சிட்டா என்னத் தேட மாட்டான். கோவம் இரிந்தாத்தான் மஹ்ஷர்ல என்னப் புடிக்க வருவான். வரட்டும், அண்டைக்கிக் கதைச்சிக்குவம்' எண்டார். மறுமைய வெச்சி இப்பிடி ஒரு விளையாட்டா? எனக்குப் பொறுக்கல காக்கா."

எனக்கு வந்த ஆத்திரத்தை நீ பார்த்திருக்க வேண்டும். என் கையில் மிஞ்சியிருந்தது அது ஒன்றுதான், மன்னிக்காமல் இருப்பது. அதையும் உன் விருப்பமாக ஆக்கிவிட்டுப் போயிருக்கிறாய். மன்னித்தால் மறுமை வெளியில் அத்தனை சனத்துக்குள் உன்னைத் தேட எனக்குக் காரணமில்லை. மன்னிக்காவிட்டால் நீ நினைத்ததே நடக்கிறது. கல்யாண வீட்டில் என்னை ஏமாற்றினாய், கபன் துணி சுற்றிக் கிடந்தும் ஏமாற்றிவிட்டாய். கண்ணில் நீர் வந்தது. கோபத்தில்தான் என்று பிறகு என் மனைவியிடம் சொன்னேன். அவள் நம்பவில்லை.

"மன்னிக்கல்ல தங்கச்சி" என்றேன். அவள் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். அந்த அழுகைக்கு நான் பொறுப்பு, அதை நீ ஏற்க வேண்டாம்.

உன் மருமகன் எழுந்து நின்று, "அப்ப மீட்டர், மாமா?" என்றான்.

"வேல இன்னும் முடியல்ல" என்றேன். பாஸ்மார் எல்லாரும் சொல்வதுதானே.

கார் கொழும்புக்கு அந்த ஓட்டையோடுதான் போகும். எந்த வேகத்தில் போகிறது என்று வாங்கியவனுக்குத் தெரியாது. பதினெட்டு வளைவும் அதற்குத் தெரியாது. டின்னை மூடி அலுமாரிக்குள் வைத்துவிட்டேன். என்னிடம் இப்போது இரண்டு சாமான் இருக்கிறது, மீட்டரும் மற்றதும். மீட்டரை என் பிள்ளைகள் ஒருநாள் பழைய இரும்புக்காரனுக்குக் கொடுத்துவிடுவார்கள். மற்றதை நான் கொண்டு வருவேன்.

அந்த மறுமை வெளியில் கூட்டம் அதிகமாக இருக்கும், தாய் பிள்ளையைப் பார்க்கமாட்டாள் என்கிறார்கள். நான் உன்னைப் பார்த்துவிடுவேன். ஓடாமல் நில். உன் கையைப் பிடித்து நிறுத்தி, காரைப் பற்றி ஒரு வார்த்தையும் கேட்கமாட்டேன். நான் உன் பாஸா என்று மட்டும் கேட்பேன். நீ சொல்கிற பதிலைக் கேட்டுவிட்டுத்தான் மன்னிப்பதா இல்லையா என்று சொல்வேன்.