தலை ஒடிந்த சிக்னேச்சர் கிட்டார்

ஆம்பூர்
14.8.2005

என் அன்பு மகன் இவானுக்கு அம்மா எழுதுவது. சிங்கப்பூரில் கர்த்தர் உன்னைச் சுகமாக வைத்திருப்பார் என்று நம்புகிறேன். நானும் உன் தங்கை ஃபீபியும் தைரியமாக இருக்கிறோம். அப்பாவும் நலம் என்று அடுத்த வரியை எழுதிப் பழகிய கை இந்த முறை நின்றுவிட்டது. அவர் வேலூரில் ஆஸ்பத்திரியில் இருக்கிறார். அவர் தோள் எலும்பை முறித்தது நான்தான். வேறு யாராவது போன் பண்ணி வேறு விதமாகச் சொல்வதற்குள் நடந்ததை நானே எழுதிவிடுகிறேன், உட்கார்ந்து படி.

கிறிஸ்துமஸுக்கு நீ ஃபீபிக்குக் கொண்டுவந்த கிட்டார், யாரோ பெரிய கலைஞர் பெயரில் வந்த சிக்னேச்சர் மாடல் என்றாயே, அதையும் நீ காலேஜில் வாசித்த சாதாரணக் கம்பெனி கிட்டாரையும் நீ சிங்கப்பூர் திரும்பிய பிறகு அவள் கட்டிலில் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, "நீதான் ஷூ கம்பெனியில ஃபைனல் செக்கிங் பண்றியேம்மா, இதையும் பண்ணு" என்றாள். நானும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தேன். வெளிநாட்டுக்காரனுக்குக் காட்ட எங்கள் கம்பெனியில் செய்கிற சாம்பிள் ஜோடிக்கும், லாட்டில் ஆயிரத்தோடு ஆயிரமாக இறங்குகிற ஜோடிக்கும் உள்ள வித்தியாசம் அதில் அப்படியே தெரிந்தது. உன் பழைய கிட்டாரில் கழுத்தில் குறுக்கே பதித்த கம்பிகளின் முனை விரலைக் கீறியது, கழுத்து உடம்போடு சேருகிற இடத்தில் பெயிண்ட் வழிந்திருந்தது, பின்பக்கம் நாலு ஸ்க்ரூ பளிச்சென்று வெளியே தெரிந்தது. புதியதில் முனைகளை ஒவ்வொன்றாக உருட்டி இழைத்திருந்தார்கள், கழுத்தைப் பசை வைத்தே ஒட்டியிருந்தார்கள், சந்து எங்கே என்று நகத்தால் தேடினாலும் கிடைக்கவில்லை. இது பாஸ், அது ரிஜக்ட் என்றேன். அவளுக்கு ஒரே சிரிப்பு.

போன மாதக் கடைசிச் சனிக்கிழமை ஏலகிரியில் ஒரு கல்யாண வரவேற்பில் வாசிக்க அவளைக் கூப்பிட்டிருந்தார்கள், என்னிடம் சொல்லிவிட்டுத்தான் போனாள். மறுநாள் ஆராதனை முடிந்து கோயில் வாசலில் யாரோ அப்பாவிடம், "உங்க பொண்ணு ஓட்டல்ல குடிகாரனுங்க முன்னாடி நின்னு வாசிச்சுதாமே வாத்தியாரே" என்று சொல்லிவிட்டார்கள். வீட்டுக்கு வந்தவர் நிதானமாகச் சாப்பிட்டார், கை கழுவித் துண்டில் துடைத்தார், நேராக ஃபீபியின் அறைக்குப் போய் அந்தப் புதுக் கிட்டாரைக் கழுத்தைப் பிடித்துத் தூக்கினார். "எந்தக் கையால வாசிச்ச? நீட்டு" என்றார். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளைக் கேட்கிற அதே குரல். அவள் நீட்டவில்லை. இடது கையை இழுத்து இரும்புக் கட்டில் சட்டத்தின் மேல் வைத்து அழுத்திக்கொண்டு கிட்டாரின் தலைப்பக்கத்தால் ஓங்கி அடித்தார். முதல் அடி சட்டத்தில் விழுந்தது. இரண்டாவது அடியில் அவள் விரலும் கிட்டாரின் தலையும் சேர்ந்தே ஒடிந்தன. ஒடிந்த தலை கம்பியில் தொங்கிக்கொண்டிருக்க அவர் நிறுத்தவில்லை, அவள் முடியைப் பிடித்து முகத்தைச் சுவரில் மோதினார், சுண்ணாம்பில் ரத்தம் இழுபட்டது.

நான் சமையலறை வாசலில் நின்றேன். அங்கேதான் எப்போதும் நிற்பேன். உனக்குப் பன்னிரண்டு வயதில் அவர் பெல்ட்டால் விளாசியபோதும் அங்கேதான் நின்றேன், அப்புறம் உனக்கு எண்ணெய் போட்டுக்கொண்டே, நீ தப்புப் பண்ணினாய் அதனால் அடித்தார் என்று உன்னிடமே சொன்னேன். அது பொய் மகனே. குடிக்காத மனுஷன், சபைக் கமிட்டியில் இருக்கிற மனுஷன் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்ட பொய். அன்றைக்கு என்ன வந்ததோ, மூலையில் சாய்த்திருந்த உன் பழைய கிட்டாரை இரண்டு கையாலும் எடுத்து அவர் தோளில் போட்டேன். மரம் முறிகிற மாதிரி சத்தம் வந்தது, முறிந்தது மரம் இல்லை. "ஏய், நீயா?" என்று திரும்பினார். மறுபடியும் அதே இடத்தில் அடித்தேன், கீழே விழுந்தார். மூன்றாவதாக அவர் தலைக்குத்தான் ஓங்கினேன், உன்னிடம் மறைக்க மாட்டேன். பக்கத்து வீட்டு பில்கிஸ் ஓடிவந்து என் இரண்டு கையையும் கட்டிப் பிடித்து, "அக்கா, போதும் வுடு, செத்துடுவாரு, நீ ஜெயிலுக்குப் போய்ட்டா பொண்ணுக்கு யாரு?" என்று கத்தினாள். அதற்கப்புறம்தான் கீழே வைத்தேன்.

ஆஸ்பத்திரியில் அவர் பாத்ரூமில் வழுக்கி விழுந்ததாகச் சொல்லியிருக்கிறார். நான் ஸ்டேஷனுக்குப் போய் அவர் செய்ததையும் நான் செய்ததையும் எழுதிக் கொடுத்துவிட்டேன், வருவது வரட்டும். ஃபீபிக்கு இரண்டு விரலில் கட்டு, நெற்றியில் ஆறு தையல். ஆறு வாரம் கழித்துப் பயிற்சி கொடுத்தால் விரல் மடங்கும் என்கிறார் டாக்டர். அவள் அழுதது விரலுக்கு இல்லை, கிட்டாருக்கு. தச்சுப் பட்டறை இஷ்தியாக் அகமது பாயிடம் இரண்டையும் கொண்டுபோனேன். முறுக்காணிகள் இருக்கிற தலை பின்னால் சாய்கிற இடத்தில் மரத்தின் ரேகை குறுக்கே ஓடுகிறது, அதையும் மெல்லிசாகச் செதுக்கியிருக்கிறார்கள், அதனால்தான் அங்கே போச்சு என்றார். உன் பழையதில் ஒரு முறுக்காணி மட்டும் வளைந்திருந்தது, நாலு ஸ்க்ரூவும் அசையவில்லை. அப்போ ஜாஸ்தி விலை கொடுத்ததுதான் மட்டமா பாய் என்று கேட்டேன். "மட்டம் இல்லம்மா, வாசிக்கிறதுக்குப் பண்ணது. ஆளை அடிக்கவா பண்ணாங்க?" என்றார். அவர் ஒட்டிக் கொடுத்துவிட்டார், தடவினால் மட்டும்தான் தெரிகிறது.

வியாழக்கிழமை ஆஸ்பத்திரியிலிருந்து அப்பாவை வீட்டுக்கு அனுப்புகிறார்கள். போதகர் வந்து சமாதானமாய்ப் போகச் சொன்னார். நான் போகவில்லை. பில்கிஸின் அண்ணன் வீட்டு மாடியில் நானும் ஃபீபியும் குடிவந்துவிட்டோம். அப்பா உனக்கு போன் பண்ணுவார். பேசு, சாப்பிட்டாரா என்று கேள், உன் தகப்பன்தானே. ஆனால் அவருக்காக என்னிடம் பேச வராதே. அவரை அடிக்கவும் டிக்கெட் எடுத்துக்கொண்டு வராதே, இந்த வீட்டில் ஓங்கிய கை போதும். உன் கோபம் எனக்குத் தெரியும், பல்லைக் கடித்துக்கொண்டு வேலையைப் பார்.

கர்த்தர் உன் போக்கையும் வரத்தையும் காத்து, உனக்கு வரப்போகிறவளிடம் உன் கை மெதுவாக இருக்கும்படி செய்வாராக. தினமும் நேரத்துக்குச் சாப்பிடு. ஒன்று மறக்காதே. இத்தனை வருஷமும் உன் கடிதம் ஆசிரியர் ஞானமுத்து என்ற பெயருக்கே வந்தது, அவர் பிரித்துப் படித்த பிறகுதான் என் கைக்கு வரும். இனிமேல் இந்த உறையின் பின்னால் உள்ள புது விலாசத்துக்கு, கீழே இருக்கிற பெயரைப் போட்டு எழுது.

உன் அம்மா
ஞா. தேவகிருபை