வண்டி கிளம்பாத காலைகள்

12.8.79

இன்றைக்கும் இவர் வண்டியில்தான் போனார். மதுரை டாக்டர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்துவிட்டு, "வலிப்பு எப்ப வரும்னு யாராலயும் சொல்ல முடியாது, இனி மோட்டார் சைக்கிளைத் தொடாதீங்க" என்று சொல்லி ஒரு வாரம்கூட ஆகவில்லை. பூம்பூம் மாடு மாதிரித் தலையாட்டினாரே, அதெல்லாம் யாருக்காக?

இரண்டு தடவையும் தூக்கத்தில் வந்ததால் என்னைத் தவிர யாரும் பார்க்கவில்லை. அதுவே வினையாகிப்போனது. ஊர் திரும்பும்போது பஸ்சில் காதோடு சொன்னார்: "வெளிய மூச்சு விட்றாத. கருத்தம்மாளுக்கு மாப்பிள்ளை பாத்துக்கிட்டிருக்கோம். அண்ணனுக்குக் காக்கா வலிப்புன்னா எவன் நம்ம வாசப்படியை மிதிப்பான்?" தங்கச்சிக்காக என்கிறார். தங்கச்சி பாதி, வீம்பு பாதி. போடிமெட்டுக்கு மேலே எங்கள் ஏலத்தோட்டத்துக்குக் காய் எடுக்கிற நாளெல்லாம் அந்த ஜாவா மோட்டார் சைக்கிளில் ஏறிப்போவதில் இவருக்கு அப்படி ஒரு மிதப்பு. பஸ்சில் போங்கள் என்றால், "ஏன்னு நாலு பேரு கேப்பான்" என்கிறார். மாத்திரை போட்டால் கண் சொக்குகிறதாம். அதனால் மலைக்குப் போகிற அன்று மாத்திரையும் கிடையாது.

அந்த மலை ரோட்டில், வளைவில் வைத்து வந்தால்? எட்டிப் பார்த்தால் அடி தெரியாத பள்ளம்.

15.8.79

போனார். வந்தார். அதுவரைக்கும் ஒரு வாய் சோறு உள்ளே இறங்கவில்லை.

19.8.79

சொல்லிப் பார்த்தாயிற்று, அழுது பார்த்தாயிற்று. பிடித்த முயலுக்கு மூன்று கால் என்கிற மனுசனிடம் வேறு என்ன செய்ய? விடியும் முன்னே கொல்லைச் செட்டுக்குள் போய், எஞ்சின் தலையில் சொருகியிருந்த ஒரு கறுப்பு வயரைப் பிடுங்கி வைத்துவிட்டு வந்தேன். முன்பு மாட்டு வண்டி நின்ற செட்டு அது. இப்போது இவருடைய கோயில்.

உதை உதை என்று உதைத்தார். கிளம்பவில்லை. அடுப்படியில் நின்று சாமியைக் கும்பிட்டேன். அப்புறம் குனிந்து பார்த்து, வயரைச் சொருகி, ஒரே உதையில் கிளப்பிவிட்டார். போகும்போது சிரிப்பு வேறு. "எலி இழுத்திருக்கும்போல, பொறி வை."

அந்த எலி ஒன்றும் தெரியாத எலி. அதுதான் கோளாறு. வண்டியைப் பற்றித் தெரியாமல் வண்டியை நிறுத்த முடியாது.

24.8.79

"செட்டுல நானும் கூடமாட நிக்கட்டுமா?" என்று கேட்டேன். கல்யாணமாகிப் பத்து வருசத்தில் இப்படி ஒன்று கேட்டதில்லை. அசந்துபோனார். வாய் ஓயாமல் சொல்லிக்கொடுக்கிறார். உதைக்கிற கம்பியும் கியர் கம்பியும் இதில் ஒன்றேதான், உள்ளே அமுக்கித் திருப்பினால் கியர். பெட்ரோலோடு ஆயிலைக் கலந்துதான் ஊற்ற வேண்டும், மறந்தால் எஞ்சின் இறுகிப் போகும். பக்கத்து மூடியைக் கழற்றினால் உள்ளே பாயின்ட் என்று இரண்டு குட்டி மூக்குகள். "இது ரெண்டும் தொட்டுத் தொட்டு விலகணும். அப்பத்தான் தீப்பொறி வரும். நடுவுல துளி பிசுக்கு ஒட்டுனாலும் வண்டி செத்த பொணம்."

துளி பிசுக்கு. மனசில் முடிந்துகொண்டேன்.

எவ்வளவு ஆசையாகச் சொல்லித் தருகிறார். பாவி நான் எதற்குக் கேட்கிறேன் என்று தெரியாமல்.

29.8.79

தலைக்குத் தேய்த்த எண்ணெயில் விரலைத் தொட்டு அந்த மூக்கில் ஒரு தடவு. அவ்வளவுதான். காலையிலிருந்து மத்தியானம் வரைக்கும் வண்டியோடு மல்லுக்கட்டினார். பிளக்கைக் கழற்றித் தேய்த்தார், வயரை மாற்றினார், தொட்டியில் பெட்ரோலை மோந்துகூடப் பார்த்தார். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஸ்பானர் எடுத்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். என்ன திமிர் பாருங்கள் எனக்கு! மலைக்குக் கொழுந்தனார் வீரையா போனார்.

சாயங்காலம் மூடியைத் திறந்து பாயின்ட்டைத் துடைத்ததும் கிளம்பிவிட்டது. "எண்ணெ எப்படி இங்க வந்துச்சு?" என்று விரலில் தொட்டுப் பார்த்தார். நல்லவேளை, மோந்து பார்க்கவில்லை.

இன்றைக்குத்தான் நிம்மதியாகத் தூங்கப் போகிறேன்.

10.9.79

நாளை பெரிய காய் எடுப்பு. எண்ணெய் வேலை இனிமேல் பலிக்காது, முதலில் அந்த மூடியைத்தான் திறக்கிறார். பெட்ரோல் இறங்குகிற குழாயில் பஞ்சை அடைத்திருக்கிறேன். பெட்ரோல் வராவிட்டால் எங்கே கிளம்ப?

11.9.79

கிளம்பிவிட்டது.

ஒரே உதை. நான் வாசலுக்கு ஓடுவதற்குள் தெருமுனை தாண்டிவிட்டார்.

மத்தியானம் ஜீப்பு ஓட்டுகிற சின்னமுத்து வந்து வாசலில் நின்றான். முகமெல்லாம் வெளிறிக் கிடந்தது. "மதினி, அண்ணனுக்கு ஒண்ணுமில்ல, முதல்ல அதைச் சொல்லிர்றேன். புலியூத்துக்கு மேல ஏத்தத்துல திடீர்னு வண்டி நின்னுபோச்சு. அண்ணே கால ஊன முன்னாடி பின்னால உருளுது. நான் பின்னாடியே வர்றேன், வண்டி நெறைய காய் எடுக்கப் போற பொம்பளைக. ஸ்டீரிங்க ஒடிச்சேன் பாருங்க, மதினி, டயரு கைப்பிடிச் சுவருல ஒரசி நின்னுச்சு. சுவரு மட்டும் இல்லேன்னா நான் இங்க நின்னு பேச மாட்டேன்." தண்ணீர் கொடுத்தேன். சொம்போடு வாங்கி ஒரே மடக்கில் குடித்தான்.

வலிப்பு இல்லை. வண்டிதான் நின்றிருக்கிறது. நான் நிறுத்திய வண்டி.

கார்ப்பரேட்டர் கிண்ணத்தில் எப்போதும் கொஞ்சம் பெட்ரோல் நிற்கும் என்று அன்றைக்குச் செட்டில் இவர் சொன்னாரே. நான் பாயின்ட்டையே நினைத்துக்கொண்டு இருந்துவிட்டேன். பஞ்சு வழியாகக் கசிந்தது சமதரைக்குப் போதும், ஏற்றத்துக்குப் போதாது. அரைகுறைப் படிப்பு. அய்யோ, அந்த ஜீப்பில் எத்தனை தாய்மார்!

12.9.79

காலையில் குழாயைக் கழற்றினார். நான் கீழே தட்டைப் பிடித்துக்கொண்டிருந்தேன். பஞ்சு வந்து தட்டில் விழுந்தது. தலையணைப் பஞ்சு. அதையே பார்த்தார். அப்புறம் என்னைப் பார்த்தார்.

"நான்தான்" என்றேன்.

"எண்ணெ?"

"அதுவும்."

முழுப் பேரைச் சொல்லிக் கூப்பிட்டார், கோபம் வந்தால் அப்படித்தான். "சந்திரவல்லி, என்னையக் கொல்லவா பாத்த?"

"பொழைக்க வைக்கப் பாத்தேன்" என்றேன். ஸ்பானரைச் சுவரில் வீசி எறிந்துவிட்டு வெளியே போய்விட்டார். அவர் கேட்டதில் என்ன தப்பு? அவர் விழுந்துவிடுவார் என்று பயந்து நானே தள்ளிவிடப் பார்த்தேன். ஆனால் நான் செய்யாமல் இருந்தால் மட்டும்? அப்போதும் அதே பள்ளம்தானே? யாரிடம் போய்க் கேட்க இதை?

14.9.79

சோறு வைத்தால் சாப்பிடுகிறார், என் முகத்தைப் பார்க்காமல் தட்டைத் தள்ளுகிறார்.

17.9.79

இன்றைக்கு மலைக்குப் போக வண்டியை வெளியே எடுத்தார். நான் முந்தானையை இழுத்துச் சொருகிக்கொண்டு போய்ப் பின்னால் ஏறி உட்கார்ந்தேன்.

"எறங்கு."

"நானும் வர்றேன். இனி நீங்க போற அன்னைக்கெல்லாம் நானும் வருவேன்."

"வெளையாட்டா இருக்கா? நமக்கு ஏதாச்சும் ஆனா பாப்பா கதி?"

"அதை நீங்க யோசிங்க" என்றேன். எங்கள் பாப்பா பள்ளிக்கூடத்துப் பையோடு கருத்தம்மாள் கையைப் பிடித்துக்கொண்டு திகைத்து நின்றது. ஆனாலும் இறங்கவில்லை. எனக்கும் வீம்பு உண்டு.

அடிவாரத்து முந்தல் வரை ஒன்றும் தெரியவில்லை. மலை ஏற ஆரம்பித்ததும் வண்டி நடக்கிற வேகத்துக்கு வந்துவிட்டது. இவர் முதுகு சட்டையோடு நனைந்திருந்தது. ஒரு வளைவு, இன்னொரு வளைவு. எதிரே லாரி வந்தது. அது போனதும் ஓரம் கட்டி எஞ்சினை அணைத்துவிட்டார். கை வெடவெடவென்று நடுங்குகிறது. வலிப்பு வந்துவிட்டது என்று நினைத்து நான் தோளைப் பிடித்தேன். அது இல்லை.

"நீ பின்னாடி இருக்கறப்ப கை ஓட மாட்டேங்குது."

"தனியா வந்தா ஓடுமாக்கும்?"

கைப்பிடிச் சுவரில் உட்கார்ந்து அழுதார். என் எதிரில் அழுதது இதுதான் முதல் தடவை. நானும் அழுதேன். பஸ்சில் போனவர்கள் எல்லாம் எட்டி எட்டிப் பார்த்தார்கள். பார்த்தால் பார்க்கட்டும். இரண்டு பேருமாக வண்டியை உருட்டிக்கொண்டே கீழே இறங்கினோம்.

25.9.79

வண்டியை விற்றுவிடலாம் என்றார் இன்று. வீரையா சனிக்கிழமையோடு லாரி லோடு வேலைக்குத் திரும்பிவிடுவார், பஸ்சில் போக இவர் இன்னும் சம்மதிக்கவில்லை, அப்புறம் தோட்டத்தைப் பார்க்க ஆள் கிடையாது. "எனக்கு ஓட்டச் சொல்லிக் குடுங்க" என்று கேட்டேன். எனக்கே என் குரல் புதுசாக இருந்தது. சிரிப்பார் என்று நினைத்தேன். சிரிக்கவில்லை. "பிரிச்சு மாட்டத் தெரிஞ்சுபோச்சு, ஓட்டுறது அதைவிடச் சுளுவு" என்றார். அது பொய் என்று இரண்டு பேருக்கும் தெரியும்.

6.10.79

செட்டுக்குள் ஸ்டாண்டில் நிறுத்தி கியர் மாற்றிப் பழகுகிறேன். உதைத்ததில் கணுக்கால் வீங்கியிருக்கிறது. வெளியே கண்மாய்க் கரைக்குக் கொண்டுபோனோம். இரண்டு தடவை கீழே போட்டேன், ஒரு தடவை என் மேலேயே போட்டுக்கொண்டேன். இவர் பக்கத்தில் ஓடி வந்து கத்துகிறார்: "தரையப் பாக்காத! நீ எதைப் பாக்குறியோ வண்டி அங்கதான் போகும்!" கோபத்தில் நானும் கத்தினேன். கரையில் துணி துவைத்துக்கொண்டிருந்த இருளம்மாள், "புருசன் பொண்டாட்டி சண்டைய வீட்டுலயே போட மாட்டீகளா?" என்று கேட்டாள்.

28.10.79

செட்டில் செயின் இறுக்கிக்கொண்டிருந்தபோது வந்துவிட்டது. பகலில். சத்தம் கேட்டுக் கருத்தம்மாள் ஓடி வந்தாள். லோடு இல்லாமல் வீட்டில் இருந்த வீரையாவும் வந்தார். "இரும்பக் குடுங்க, கையில இரும்பக் குடுங்க" என்று வீரையா சாவிக்கொத்தைத் தேடி ஓடினார். கையில் ஏற்கெனவே ஸ்பானர் இருந்தது, அதை முதலில் பிடுங்கிப் போட்டேன். முகத்தில் அடித்துக்கொண்டால் என்ன ஆகும்? ஒருக்களித்துப் படுக்கவைத்துத் தலைக்குக் கீழே என் கையை வைத்துக்கொண்டேன்.

தெளிந்ததும் தங்கச்சியைப் பார்த்து முகத்தை மூடிக்கொண்டார். கருத்தம்மாள் உட்கார்ந்து அவர் கால் கிரீசைத் துடைத்தபடி சொன்னாள்: "எனக்காகவா மறைச்சீக? நீங்க மலையில விழுந்திருந்தா நான் எந்த மூஞ்சியோட மணவறையில உக்காருவேன்? வர்றவன்கிட்ட நானே சொல்லிக்கிறேன்ணே." அவள் இவ்வளவு பேசி நான் கேட்டதில்லை.

இன்றைக்கு எடுப்பு நாள், கங்காணி பொறுப்பில் விட்டிருக்கிறோம். வேறு வருசமாக இருந்தால் இந்த நேரத்துக்கு மலையில் இருந்திருப்பார். நினைக்க வேண்டாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை.

19.12.79

லைசென்ஸ் வந்துவிட்டது. "சேலையோடவா ஓட்டுவீங்க?" என்று டெஸ்ட் எடுத்த அதிகாரி கேட்டார். "அதுதான கட்டியிருக்கேன்" என்றேன்.

23.1.80

தனியாக மலைக்குப் போய் வந்தேன்.

வளைவுகளில் இரண்டு இடத்தில் உயிர் தொண்டைக்கு வந்தது. தோட்டத்து ஆட்கள் வாயைப் பிளந்தார்கள். கங்காணி மட்டும் ஒன்றும் கேட்காமல் காயைக் காட்டினார். ஸ்டோர் அறையில் காய் உலர்வதைப் பார்த்து, கூலி கொடுத்து முடிக்க நேரமாகிவிட்டது. மஞ்சு மூட்டம் வேறு இறங்கியது. முதல் கியரிலேயே மெதுவாக வந்தேன்.

முந்தல் டீக்கடை பெஞ்சில் இவர் உட்கார்ந்திருந்தார். வீட்டில் இருப்பார் என்றல்லவா நினைத்திருந்தேன்! என்னைக் கண்டதும் எழுந்து, வண்டியைச் சுற்றி வந்து, செயினைத் தொட்டுப் பார்த்து, "இம்புட்டு நேரமா?" என்று கத்தினார். டீக்கடைக்காரர் சொன்னார்: "காலையில நீங்க ஏறிப் போனதுல இருந்து இங்கனதாம்மா இருக்காரு. மேல ஒரு வண்டிச் சத்தம் கேட்டா எந்திரிக்கிறாரு, உக்கார்றாரு. டீ வாங்கி வாங்கி ஆற வச்சிட்டாரு."

ரோட்டைப் பார்த்தபடி, "நான் போன அன்னைக்கெல்லாம் நீ இப்படித்தான் இருந்தியா?" என்று கேட்டார்.

"ஆமா" என்றேன்.

பின்னால் ஏறுங்கள் என்றேன். ஏறவில்லை. "எனக்கு வந்தா உன்னையும் இழுத்துருவேன். நான் பஸ்சுல வர்றேன், நீ போ." அவர் பஸ் ஏறும்வரை நானும் நின்றேன். பஸ்சுக்குப் பின்னாலேயே ஊர் வரைக்கும் ஓட்டி வந்தேன். கடைசி சீட்டில் உட்கார்ந்து, வழி நெடுக என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.