மறைக்கத் தெரியாத குழந்தை

28-10-1936, புதன் இரவு.

அப்பா கோபியிலிருந்து வந்துவிட்டுச் சாயங்கால பஸ்ஸுக்கே திரும்பிப் போய்விட்டார். இந்த ஒரு நாளுக்காகத்தான் ஆவணியிலிருந்து காத்திருந்தேன். கடிதம் எழுதினால் என் வீட்டுக்காரர் பிரித்துப் படித்துவிடுகிறார். நேரில் பார்த்தாலோ, "நல்லாத்தானுங்க இருக்கறேன்" என்று வாய் தானாகச் சொல்லிவிடுகிறது. பாவாயி உளறிவிடுவாள் என்று நம்பியிருந்தேன்.

நான்கு வயதாகியும் என் மகளுக்கு எதையும் மறைக்கத் தெரியாது. போன மாதம்கூட நடு வாசலில் தன் கண்ணைப் பொத்திக்கொண்டு நின்று, "என்னைக் கண்டுபுடிங்கம்மா" என்றாள். விருந்தாளியிடம், "உங்களுக்குத் தண்ணி மோர் போதும்னு அம்மா சொன்னாங்க" என்று போட்டு உடைத்தவள்.

அப்பா அவளை மடியில் வைத்துக்கொண்டு கேட்டார். "ஏங்கண்ணு, அம்மாவுக்குக் கன்னம் ஏன் இப்படி வீங்கியிருக்குது?"

என் வீட்டுக்காரர் எதிரில் வெற்றிலை மடித்துக்கொண்டிருந்தார். பாவாயி அவரைப் பார்த்தாள். பிறகு என்னைப் பார்த்தாள்.

"கதவுல இடிச்சுப்போட்டாங்க அப்புச்சி."

நான் சொல்லிக்கொடுக்கவில்லை. சத்தியமாக இல்லை.

"பாத்து நடக்கோணும் அம்மணி" என்று அப்பா என்னைக் கடிந்துகொண்டார். நானும் தலையாட்டினேன்.

அவர் போன பிறகு பாவாயி என் காதில் கிசுகிசுத்தாள். "நான் சரியாச் சொன்னனுங்களா? இனி அப்பா உங்களை அடிக்க மாட்டாங்கல்லம்மா?"

"ஆமாங் கண்ணு" என்றேன். வேறு என்ன சொல்வது?

அப்பா இனி தைப் பொங்கல் நோம்பிக்குத்தான் வருவார். அதற்குள் அவள் இன்னும் நன்றாகப் பொய் சொல்லப் பழகியிருப்பாள்.