மதகு வரை

ஏப்ரல் 18, சனி

இல்லை, அக்கா அழவில்லை. அழுதிருந்தால் எனக்கு இவ்வளவு கோபம் வந்திருக்காது.

மத்தியானம் வரை வெயில். பிறகு வழக்கமான இடி. குசினிக் கூரை அதே இடத்தில் ஒழுகுகிறது. அடுப்புக்கு இரண்டு சாண் தள்ளி வாளி.

பதுளையிலிருந்து நிஸாம் சேர் போன். அக்காவுக்குப் பள்ளிக்கூடக் காலத்திலிருந்து ஓட்டம் சொல்லிக்கொடுப்பவர். தேசிய அணிக்கான தெரிவுப் போட்டி மே மாதம் என்று இருந்தது. வருகிற சனிக்கே மாற்றிவிட்டார்களாம். கொழும்பு. பத்தாயிரம் மீட்டர். அக்காவுக்கு இருபத்தெட்டு. இன்னொரு வாய்ப்பு வராது என்று சேர் சொல்லவில்லை. அக்காவும் சொல்லவில்லை.

நேற்றுத்தான் காப்புக் கட்டினாள். ஓட்டத்துக்கு மறுநாள், ஞாயிறு, பால்குடம். மஞ்சள் கயிறு கையில் ஏறினால் திருவிழா முடியும்வரை தேயிலைத் தோட்டத்து எல்லையைத் தாண்டக் கூடாது. எல்லை, பசறை ரோட்டு மதகு.

ஒரு நாள் முந்தி அந்தப் போன் வந்திருந்தால். ஒரே நாள்.

"அவுத்துடு," என்றேன்.

"பைத்தியமா உனக்கு?" வாளியைக் கொஞ்சம் நகர்த்தி வைத்தாள்.

ஏப்ரல் 19, ஞாயிறு

கோயில் கமிட்டித் தலைவர் வீட்டுக்கு. நான் மட்டும். பிஸ்கட்டைத் தேத்தண்ணியில் நனைத்துக்கொண்டே பேசினார்.

"ஓட்டம் அடுத்த வருஷமும் வரும் புள்ள."

"பால்குடமும் அடுத்த வருஷம் வரும்ல மாமா?"

உள்ளே திரும்பி மனைவியிடம்: "கேட்டியா, நம்ம தோட்டத்து லோயரு பேசுது. கம்பஸ்ல இதத்தான் படிச்சுக் குடுக்குறாங்க போல."

அந்த அம்மா சிரித்தார். நானும் சிரித்துத் தொலைத்தேன். அதற்காக இன்னும் என்மேல் கோபம்.

"வேற வழி எதுவும் இருக்கா மாமா?"

"சாமி காரியத்துல ஏது வழி? கட்டுனா கட்டுனதுதான்."

திரும்பும்போது கோயில் வாசலில் திருவிழாவுக்குப் புதுப் பேனர். பிரதம விருந்தினர் முகம் கதவு அளவு. கீழ் மூலையில் அக்கா. யாரோ ஒருத்தியின் பட்டுப்புடவை உடம்பில் அக்காவின் தலையை ஒட்டி, மேலே ஒரு குடம். 'எங்கள் தோட்டத்து வீரமங்கை.'

அந்தப் பட்டம் போன மழையில் நடந்ததை வைத்துத்தான். அன்று பயிற்சி முடிந்து வந்தவள் மலை வெடித்திருப்பதைப் பார்த்தாள். யாரும் போன் எடுக்கவில்லை. ஓடி வந்து மேல் லயத்தில், எங்கள் வரிசை வீடுகளில், கதவு கதவாகத் தட்டினாள். கடைசி ஆள் வெளியே வந்தபிறகுதான் மண் வந்தது. எல்லோரும் தப்பினால் பால்குடம் எடுப்பதாக, ஓடும்போதே வேண்டிக்கொண்டாளாம். தப்பியவர்கள்: தலைவர், அவர் மனைவி, அம்மா, நான், மற்ற எல்லோரும். லயத்தில் பாதியை மண் கொண்டுபோனது. மீதிப் பாதியில் நாங்கள் இருக்கிறோம். கூரைக்குத் தகரம் தருவதாகச் சொல்லிவிட்டுப் போனவர்தான் இந்தப் பிரதம விருந்தினர்.

ஏப்ரல் 21, செவ்வாய்

பனி. அக்காவின் நாள், எழுதி வைக்கிறேன்:

4.45 ஓட்டம். மதகு வரை போய்த் திரும்பி, மறுபடி மதகு. பதினொரு தடவை.
7 பெரட்டில் பேர் கொடுக்க. பிறகு கொழுந்து பறிக்க மலை.
4.30 லயத்துப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி. மைதானம் கிடையாது. ஃபெக்டரி ரோடு.
5.30 வயிற்றுப்பிள்ளைக்காரி ராணியின் மாவு மூட்டை, ரோட்டிலிருந்து மேலே. தோளில்.
6 அம்மாவின் முழங்காலுக்கு எண்ணெய்.

யாரும் கேட்பதில்லை. கேட்டுச் செய்தாலாவது யார்மீதாவது கோபப்படலாம்.

"சேர்கிட்ட என்ன சொன்ன?"

"வரலன்னு."

"அவரு?"

"பேர வெட்ட மாட்டேன்னாரு."

பிறகு அவளாகவே: "அறுத்துப் போட்டுட்டுப் போயி, மறுபடி மலை இறங்குச்சுன்னு வை. என்னத்தான் சொல்லுவாங்க. உன்னச் சொல்ல மாட்டாங்க. நீ கம்பஸுக்குப் போயிருவ."

லீவு முடிய ஒரு வாரம்.

ஏப்ரல் 22, புதன்

பூசாரியோடு சண்டை போடப் போனேன். ஃபெக்டரியில் வேலை பார்ப்பவர், முப்பது வயதுக்காரர். கொழுந்துத் தூசியோடு வெளியே வந்தார். சண்டைக்கு இடமே தரவில்லை.

"மாத்திக் கட்டலாமே."

"என்ன?"

"கூடப்பொறந்தவங்க கையில மாத்திக் கட்டலாம். எங்க அண்ணனுக்குக் காய்ச்சல் வந்தப்போ நான்தான் எடுத்தேன். தலைவரு சொல்லலியா? அன்னைக்கு அவருதான் தட்டப் புடிச்சுக்கிட்டு நின்னாரு."

தெரியும் அவருக்கு. தெரிந்துகொண்டே பிஸ்கட் நனைத்தார்.

"நீங்கதான் சாமி கும்புடுறதே இல்லையே," என்றார் பூசாரி.

"கும்புட்டாத்தான் எடுக்கணுமா?"

யோசித்தார். "கவுச்சி கூடாது. எல்லை தாண்டக் கூடாது. மத்தத அம்மா பாத்துக்குவா."

இரவு கருவாட்டைத் தொடவில்லை.

ஏப்ரல் 23, வியாழன்

சாயங்கால பூசை முடிந்ததும், எல்லோர் முன்னாலும் கயிறு மாற்றிக் கட்டக் கேட்டேன். தலைவர் குறுக்கே வந்தார்.

"விருந்தாளி உங்கக்காவப் பாக்கத்தான் வாராரு. உன்ன யாரு புள்ள பாக்க வருவா?"

"சாமி பாக்கும்ல மாமா."

பின்னாலிருந்து ஒரு பெண் குரல்: "லோயரு கேஸ் ஜெயிச்சிருச்சு." சிரிப்பு. தலைவரின் மனைவியும்.

அக்காதான் கையை நீட்டவில்லை. முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு நின்றாள்.

"நேந்தது நான்."

"அன்னைக்கு உள்ள படுத்திருந்தது நான். குடு."

பூசாரி அவிழ்த்தார், கட்டினார். கயிறு ஈரமாக இருந்தது. பக்தி எதுவும் வரவில்லை. இறுக்கம் மட்டும்.

ஏப்ரல் 24, வெள்ளி

5.10 பஸ். மதகுக்கு இந்தப்பக்கம் நான். அக்கா அந்தப்பக்கம். ஓட்டச் சப்பாத்து கடைப் பாண் பையில்.

"கூரையப் பாத்துக்க," என்றாள். பஸ் வந்துவிட்டது.

பத்து மணிக்குத் தலைவர் ஆள் அனுப்பினார். பிரதம விருந்தினர் ஞாயிறு வரமாட்டாராம். வேறு வேலையாம். உன்னால்தான் என்று சொல்லச் சொன்னாராம்.

ஒரு மணிக்கு வானம் கறுத்தது. வாளி இன்னும் நேற்றைய தண்ணீரோடு.

கோயில் வாசலுக்குப் போய்ப் பேனரை அவிழ்த்தேன். யாரும் தடுக்கவில்லை. அக்கா இருந்த மூலையை வெட்டி எடுத்தேன். மீதியைக் கூரையில் ஏறி, ஒழுகும் இடத்தில் விரித்து, நான்கு பக்கமும் கல் வைத்தேன். அச்சடித்த பக்கம் மேலே.

இறங்கி வந்து வாளியைக் கழுவிக் கவிழ்த்தேன்.