உன் ஊர்ப் புல்

இன்று காலை கிடங்கில் இறங்கிய கம்பளிப் பொதிகளில் உன் ஊரை வளைத்துப்போட்ட பண்ணையின் பெயர் கறுப்பு மையில் கிடந்தது. ஆட்டுக் கொழுப்பின் வாடை மூக்கில் ஏறியதும் உன் குரல்தான் கேட்டது: "மச்சான், எங்கட ஊர்ப் புல்லு வந்திருக்கு!"

'மச்சான்' நான் பழக்கிய சொல். யாழ்ப்பாணத்திலிருந்து படிக்க வந்து, செலவுக்காகச் சிட்னியில் இந்தக் கிடங்கில் சேர்ந்த எனக்கு முதல் கூட்டாளி, இந்த நாட்டுப் பூர்வகுடியான நீதான். உன் சனத்தைத் துரத்திவிட்டு வேலியடித்த நிலத்தில் மேய்ந்த ஆடுகளின் கம்பளியை நீயே கொக்கி போட்டு இழுத்தாய். அதற்கும் சிரித்தாய்.

நிலத்தைத் திருப்பிக் கேட்டு உன் சனம் மனுப் போட்டபோது உன்னையும் விசாரித்தார்கள். நீ முழுக் கறுப்பனா, பாதியா என்று கேட்டான் அதிகாரி. "பாதி எண்டே வைச்சுக்கொள்ளுங்கோ ஐயா. பாதி நிலத்தைத் தாங்கோ" என்றாயாம். அறையே சிரித்ததாம். நிலம் வரவில்லை.

என் அறைத்தோழனும் எச்சரித்தான்: "உவங்களோடை திரியாதை. எங்களையும் அப்பிடி நினைச்சுப்போடுவாங்கள்." எப்படி நினைப்பார்கள்? மண் பறிபோனவர்கள் என்றா?

கடைசியில் நீ கேட்டது ஆறடிதான், அந்த வேலிக்குள் இருக்கும் உன் ஆற்றங்கரையில். நெஞ்சடைத்து நீ போனதும் உன் அக்கா பண்ணைக்குத் தொலைபேசியில் கெஞ்சினாள். அது தனியார் நிலம் என்றார்கள். நேரில் போனாள். கதவுக்குப் பூட்டு. ஆகவே நகரத்து இடுகாட்டு மூலையில், முன்பின் தெரியாதவர்களுக்கு நடுவே உன்னைப் புதைத்தோம். பாதிரியார் மூச்சுக்கு மூச்சு உன் பெயரைச் சொன்னார். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். செத்தவரின் பெயரைச் சொல்வது உங்கள் வழக்கமில்லையாமே. "கூப்பிட்டுக்கொண்டே இருந்தா அவன் எப்பிடி ஊருக்குப் போவான்?" என்றாள்.

அதனால் இந்த மடலிலும் உன் பெயர் இல்லை. ஆனால் வேறொரு பெயரை நான் விடவில்லை. வேலி வருமுன் அந்த ஆற்றங்கரைக்கு உன் மொழியில் இருந்த பெயர். என் நாக்குத் தடுக்கத் தடுக்க நீ திருத்திச் சொல்லப் பழக்கியது.

இன்று பொதியை இழுக்கையில் மேற்பார்வையாளன் கத்தினான்: "எந்தப் பண்ணை?"

நீ பழக்கிய அந்தப் பெயரைச் சொன்னேன்.

"அப்பிடி ஒரு பண்ணையே இல்லை!"

"பண்ணை இல்லை, ஊர்" என்றேன். இன்னொரு முறையும் உரக்கச் சொன்னேன்.