பதினேழாம் நம்பர் மூடி

2025 ஜூன் 11, புதன்

மனைவி ரஜனியின் மூன்று நாள் நச்சரிப்புக்குப் பிறகு இன்று மேசையைத் துப்புரவாக்கினேன். நான் செய்கிற ஒவ்வொரு அம்ப்ளிபயருக்கும் ஒரு ஜாம் போத்தல் மூடி உண்டு. கழற்றுகிற ஆணி, நட் எல்லாம் அதற்குள்தான் போகும். வேலை முடியும்போது மூடி வெறுமையாக இருக்கவேண்டும். முப்பத்தைந்து வருட ஒழுங்கு. பக்டரியில் எல்லோரிடமும் பெருமையடித்த ஒழுங்கு.

17ஆம் நம்பர் மூடிக்குள் ஒரு நட்டும் ஒரு பல்லு வொஷரும் கிடக்கின்றன.

17 கடைசியாக, பலீலுக்குச் செய்தது. இரத்மலானை பக்டரியில் இருபது வருடம் என் பக்கத்து மேசைக்காரன். மார்ச்சில் இறந்துபோய்விட்டான்.

அது எந்த நட் என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. ஏர்த் வயரைப் பெட்டித் தகரத்தோடு இறுக்குகிற நட். உள்ளே ஏதாவது பழுதாகிப் பெட்டியில் கரண்ட் ஏறினால், அதை நிலத்துக்குக் கொண்டுபோவது அந்த வயர்தான். அது இல்லாவிட்டால் தொடுகிற ஆளுக்குள்ளால் போகும்.

போன ஒக்டோபர். அம்ப்ளிபயர் செட்டை டீவியோடு கொழுவினால் ‘ங்ம்ம்’ என்று ஒரு இரைச்சல். ஏர்த்தைக் கழற்றினேன், சும்மா பார்க்க. இரைச்சல் போய்விட்டது. அந்த நேரம் பார்த்து பலீல் கீழே ஓட்டோவில் நின்று கோல் எடுக்கிறான். அவசரத்தில் பெட்டியைப் பூட்டிக் கொடுத்துவிட்டேன். “மச்சான், செட் ஓன்ல ஈக்கிதா இல்லயா எண்டே வெளங்கல்ல, அவ்வளவு அமைதி” என்று வீட்டுக்குப் போய்ச் சொன்னான். எனக்கு உச்சி குளிர்ந்தது.

மறந்தேனா? இல்லை, இரைச்சல் வராமலிருக்கட்டும் என்று மறக்க விட்டேனா?

அவன் மகள் ஷிஹாராவுக்கு மெசேஜ் போட்டேன்: செட்டின் பிளக்கைக் கழற்றி வையுங்கோ, ஒரு சின்னத் திருத்தம் இருக்கு. ‘சின்ன’ என்று ஏன் எழுதினேன்?

ஜூன் 12

பதில் வந்தது. “சரி அங்கிள். வாப்பா மௌத்தான பொறவு அத ஆரும் போடல்ல.”

அப்பாடா என்று இருந்தேன். பத்து நிமிஷம். பிறகுதான் மற்றது வந்தது.

பலீல் எப்படிச் செத்தான்?

அப்போது நான் மெல்பேர்னில், மகன் வீட்டில். மார்ச் 9, ஷிஹாராவின் மெசேஜ்: வாப்பா மௌத்து, ஹார்ட் அட்டாக், வீட்டில. அன்றே அடக்கம் செய்துவிட்டார்கள். வீட்டில் என்றால் எங்கே? ஹாலிலா? செட்டுக்குப் பக்கத்திலா? கரண்ட் அடித்தாலும் நிற்பது ஹார்ட்தானே.

ஜூன் 13

நித்திரை இல்லை.

ஜூன் 15, ஞாயிறு

களுபோவிலவில் அவன் வீடு பழசு. கரண்ட் ஒழுகினால் தானாக வெட்டுகிற ட்ரிப் சுவிட்ச் இல்லை, போடச்சொல்லி நானே எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். சீமெந்து நிலம். பலீல் வீட்டுக்குள் வெறுங்காலோடுதான் திரிவான். எல்லாம் சரியாகப் பொருந்துகிறதே, கடவுளே.

அவன் மனைவி ஸமீமாவிடம் கேட்க வழியில்லை. இத்தா இருக்கிறா. புருஷன் மௌத்தானால் நாலு மாதமும் பத்து நாளும் பிற ஆண்களுக்கு முன் வரமாட்டா. ஷிஹாராவிடம் என்னவென்று கேட்பது? மகள், உங்கட வாப்பாவ நான்தான் சாகடிச்சனானோ எண்டா?

பின்னேரம் பஸ் ஏறி அவர்கள் வீட்டுக்குப் போகிற ஒழுங்கை வரை போனேன். முடக்கில் நின்றுவிட்டுத் திரும்பி வந்தேன். அறுபத்துமூன்று வயது எருமை.

ஜூன் 18

ரஜனியிடம் சொல்லிவிட்டேன். சோற்றுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டு எல்லாவற்றையும் சொன்னேன்.

“உங்களுக்கென்ன விசரே? ஒரு கிழமையா இத உள்ளுக்க வச்சுக்கொண்டே திரிஞ்சனீங்கள்?” என்றாள். பிறகு, “நான் போறன். பொம்பிளையோட அவ கதைப்பாதானே.”

ஜூன் 19

பத்து மணிக்குப் போனவள் ஒன்றரைக்கு வந்தாள். அதுவரை நான் பல்கனியில். செருப்பைக் கழற்றக்கூட விடாமல் “எங்க?” என்றேன்.

“பொறுங்கோ அப்பா. வெளி விறாந்தையில. பள்ளிக்குப் போய் விடியச் சுபஹ் தொழுதிட்டு வந்து கதிரையில இருந்தவராம். அப்பிடியே சரிஞ்சிட்டாராம்.”

“செட்?”

“அது நோன்பு மாசமெல்லே. நோன்புக்க அவர் பாட்டே போடுறேல்லயாம். தலை நோன்புக்கு முதல் நாளே பிளக்கக் கழட்டித் துணியால மூடி வச்சவராம்.”

நான் அழுதேன். வெட்கமில்லாமல், சத்தம்போட்டு. செத்துப்போன சிநேகிதன் என்னால் சாகவில்லை என்பதற்கு இப்படி ஒரு சந்தோஷமா? ஆனால் சந்தோஷம்தான்.

ரஜனி தண்ணீர் கொண்டுவந்து தந்தாள். “பாவம், செட்டுக்குக் கீழ அவற்ற ரப்பர் செருப்ப இன்னும் எடுக்காம வச்சிருக்கினம்” என்றாள்.

ஜூலை 2

அந்தச் செருப்பு மனதை விட்டுப் போகவில்லை. வெறுங்காலோடு திரிகிறவனுக்கு ஹாலுக்குள் என்ன செருப்பு?

ஜூலை 19, சனி

இத்தா முடிந்துவிட்டது. இருவருமாகப் போனோம். நட்டும் வொஷரும் என் சட்டைப் பையில். ஸமீமா வந்திருந்து கதைத்தா. மெலிந்துபோனா.

பெட்டியைத் திறந்தேன். பச்சை மஞ்சள் வயர் ஒரு ஓரமாக மடிந்து கிடந்தது, நான் விட்ட மாதிரியே. இறுக்கினேன். மீற்றர் வைத்து மூன்று தரம் பார்த்தேன்.

“போட்டுப் பாக்கவா அங்கிள்?” என்று ஷிஹாரா வந்தாள். குனிந்துகூடப் பார்க்கவில்லை, கால் இரண்டும் தானாக அந்தச் செருப்புக்குள் போயின.

“ஏன் மகள் செருப்பு?”

அவள் தாயைப் பார்த்தாள். “இத தொட்டா சுள்ளுண்டு ஈக்கும் அங்கிள். செருப்பு போட்டுட்டுத்தான் தொடோணும் எண்டு வாப்பா செல்லீந்தாரு. ஒங்களுக்கு மட்டும் செல்ல வாணாமாம். ஆசயா செஞ்சி தந்தவன், கேட்டா மனசு ஒடஞ்சி போயிருவான் எண்டு.”

ஒக்டோபரிலிருந்து நோன்பு வரை, நாலு மாதம். மடையா, ஒரு கோல் எடுத்து என்னைக் கிழித்திருக்கக்கூடாதா?

“கழட்டுங்கோ மகள்” என்றேன். நானே சுவிட்சைப் போட்டு, வெறுங்காலோடு நின்று பெட்டியில் உள்ளங்கையை வைத்தேன். ஒன்றுமில்லை. பிறகு அவள் வைத்தாள். ஒன்றுமில்லை.

டீவியைக் கொழுவியதும் ‘ங்ம்ம்’.

“அங்கிள், ஒரு சத்தம் கேக்குது. முந்தி இல்லயே.”

“ஓம் மகள். அத ஒழுங்கான முறையில நிப்பாட்ட ஒரு சாமான் இருக்கு, வாற கிழமை கொண்டாறன். அதுவரைக்கும் கேக்கட்டும்.”

ஸமீமா செருப்பை எடுத்துத் தூசு தட்டி உள்ளே கொண்டுபோனா.

வீட்டுக்கு வந்ததும் மற்றப் பதினாறு பேருக்கும் மெசேஜ் எழுதினேன்: நான் தந்த செட்டில் தொட்டால் சுள்ளென்றால், வேறென்ன குறை இருந்தாலும், ஒளிக்காமல் சொல்லுங்கோ. எனக்கு மனம் நோகாது.

கடைசி வசனம் பொய். ஆனாலும் அனுப்பிவிட்டேன்.